வொறகு

ஃபோனில் பேசும்போது நான் கண்ணை மூடிக்கொள்வேன். ஜெர்மனியில் படிக்கப் போன இடத்தில் ஒட்டிக்கொண்ட பழக்கம். கண் திறந்திருந்தால் காது சோம்பேறியாகிவிடும் என்று அங்கே எங்களுக்குப் பாடம் எடுத்தவர் சொல்வார். நீங்கள் கூப்பிட்டு அனுப்பியபோது வெளியே பெஞ்சில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே, அது தூக்கம் இல்லை மேடம். உங்கள் ஏட்டு யாரிடமோ ஃபோனில் பேசிக்கொண்டிருந்தார். அவருக்குச் சொந்த ஊர் சங்கராபுரம் பக்கம் என்று நினைக்கிறேன். சரி, அது கிடக்கட்டும்.

முதலில் ஒரு தப்பைத் திருத்திவிடுகிறேன். ராதிகாவும் வெற்றிவேலும் ஒளிந்திருந்த இடத்தை செல்ஃபோன் டவரை வைத்துக் கண்டுபிடித்தார்கள் என்று பேப்பரில் போட்டிருக்கிறது. நடக்கிற காரியமா அது? கல்வராயன் மலையில் டவரே கம்மி. வெள்ளிமலைக்கு மேலே ஒரு டவருக்குக் கீழே எத்தனை ஊர், எத்தனை காட்டுக் கொட்டாய் என்று டவர்க்காரனுக்கே தெரியாது. அதில் தும்பப்பாறை என்று ஓடைக்கு அந்தப் பக்கம் ஒதுங்கிக் கிடக்கிற ஒரு சின்ன ஊரை எந்த டவரும் தனியாக எடுத்துக் காட்டாது. நான்தான் காட்டினேன். என் மாமா செல்லமுத்துவும் அவர் மகன் இளஞ்செழியனும் உங்களிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டு என் பெயரை மட்டும் சொல்லாமல் இருக்கிறார்கள். சொந்தக்காரனைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று அவர்களுக்கு ஒரு நியாயம் இருக்கிறது.

என் பெயர் ஜெயப்பிரகாஷ். கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் கல்லூரியில் இங்கிலீஷ் பாடம் எடுக்கிறேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. செல்லமுத்து என் அக்கா கொளஞ்சியம்மாளின் வீட்டுக்காரர். தியாகதுருகத்துக்குப் பக்கத்தில் கரும்பும் நெல்லுமாக நல்ல வெள்ளாமை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அக்கா வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. ராதிகா அந்த வீட்டுப் பெண். அவள் பிறந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வரைக்கும் மடியில் வைத்துக்கொண்டு வந்தவன் நான். எனக்கென்று இந்த உலகத்தில் பிரியமான ஜீவன் ஒன்று இருந்தது என்றால் அது அவள்தான். இதை உங்கள் இரக்கத்துக்காகச் சொல்லவில்லை. தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

என் படிப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள், அது இல்லாமல் மற்றது விளங்காது. ஒரு மொழியின் ஓசைகள் காலப்போக்கில் எப்படி மாறின என்று பார்க்கிற படிப்பு. ஜெர்மனியில் எல்பே ஆற்றங்கரையில் முன்னே ஒரு மொழி இருந்தது. ரஷ்யன், போலிஷ் இவற்றுக்கெல்லாம் பங்காளி, ஸ்லாவியக் குடும்பம். சுற்றிலும் ஜெர்மன் பேசுகிறவர்களுக்கு நடுவே தனியாக மாட்டிக்கொண்டு, இருநூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் செத்துப்போனது. சாகிற காலத்தில் சிலர் அதன் சொற்களை எழுதிவைத்தார்கள். எழுதியவர்களில் பலருக்கு அந்த மொழி சரியாக வராது. காதில் விழுந்ததை ஜெர்மன் எழுத்தில் ஆளுக்கு ஒரு மாதிரி, தப்பும் தவறுமாக எழுதினார்கள். அந்தத் தப்புகளை ஒன்றோடொன்று ஒட்டிப் பார்த்துத்தான், அந்த ஜனங்கள் உண்மையில் எப்படி வாய் திறந்தார்கள் என்று நாங்கள் கண்டுபிடிக்க வேண்டும். குளிர்காலத்தை மற்ற ஸ்லாவியர்கள் 'ஸிமா' என்பார்கள். இவர்கள் 'ஸைமா' என்றார்கள். திராட்சை மதுவுக்குப் பழைய ஜெர்மனில் இருந்த 'வீன்' இன்றைக்கு 'வைன்' ஆகியிருக்கிறதே, கிட்டத்தட்ட அதே மாதிரிதான். ஓசைக்கு விதி உண்டு மேடம். மனுஷன் பொய் சொல்வான், ஓசை சொல்லாது.

இதை ஊரில் யாரிடம் போய்ச் சொல்ல? ஆய்வை முடிக்காமலேயே திரும்பி வந்தேன். அதற்கு ஆயிரம் காரணம், இப்போது வேண்டாம். திரும்பி வந்த நாளிலிருந்து எங்கள் சொந்தத்தில் எனக்கு வைத்த பெயர் 'செத்த பாஷ'. கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தால், "செத்த பாஷைக்கு இன்னொரு வடை வைப்பா" என்பார்கள். செல்லமுத்து மாமா அடிக்கடி கேட்பார்: "ஏன்டா மச்சான், செத்தவன் எப்படிப் பேசினா ஒனக்கு இன்னாடா?" எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துவைப்பேன். உள்ளே எரியும். இத்தனை வருஷமாக எரிந்தது.

ராதிகா மட்டும் சிரிக்க மாட்டாள் என்று சொன்னால் அது பொய். அவளும் சிரிப்பாள், ஆனால் அதற்கப்புறம் கேட்பாள். என் பெயரை ஜெர்மன்காரர்கள் எப்படிச் சொல்வார்கள் மாமா என்று கேட்டு, தொண்டையிலிருந்து 'ர'வை உருட்டிச் சொல்லி வீட்டையே அமர்க்களப்படுத்துவாள். அவளுக்கு அந்த வரம் இருந்தது. யாரோடு பழகுகிறாளோ அவர்கள் பேச்சு அவள் நாக்கில் வந்து உட்கார்ந்துகொள்ளும். சென்னை சித்தி வீட்டில் நாலு நாள் இருந்துவிட்டு வந்தால் சென்னைக்காரி. கண்டக்டர், டாக்டர், டீச்சர் என்று யாரை வேண்டுமானாலும் பேசிக்காட்டுவாள். ஆனால் ஒன்று கவனித்திருக்கிறேன். பிடிக்காத இடத்துக்குப் போய்விட்டு வந்தால் அவள் பேச்சு கொஞ்சமும் மாறியிருக்காது. மனசு ஒட்டின இடத்துப் பேச்சுதான் அவள் நாக்கில் ஒட்டும்.

கள்ளக்குறிச்சியில் ஒரு மெடிக்கலில் வேலை பார்த்தாள். வெற்றிவேல் மலைக்கு ஜீப் ஓட்டுகிற பையன். மலையிலிருந்து நோயாளிகளைக் கூட்டிவந்து அந்தக் கடையில் மருந்து வாங்கிக்கொடுப்பான். அப்படிப் பழக்கம். அவன் வீடு எங்கள் பக்கத்து ஊர்தான், தெரு வேறு. அவன் அம்மா ஆயம்மாள் எங்கள் மாமா நிலத்திலேயே களை எடுக்க வந்திருக்கிறாள். இதற்கு மேல் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

எனக்கு அதில் எந்த ஆட்சேபமும் இல்லை. இதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். ஜாதி என்கிற எண்ணமே எனக்குக் கிடையாது. ராதிகா முதன்முதலில் சொன்னது என்னிடம்தான். பையனைக் கூட்டிவந்து காட்டினாள். மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து பரோட்டா சாப்பிட்டோம். நல்ல பையன், அதிகம் பேச மாட்டான், அவள் பேசும்போது அவள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பான். வெளியூரில் பதிவுத் திருமணம் செய்துகொள்ளுங்கள் என்று யோசனை சொன்னதும் நான்தான். அவர்கள் கிளம்பிய அன்று எனக்கு மனசு நிறைந்திருந்தது.

அதற்கப்புறம் வீடு வீடாக இல்லை. அக்கா படுத்த படுக்கையாகிவிட்டாள். இளஞ்செழியன் நண்பர்களோடு திருப்பூருக்கும் பெங்களூருக்கும் காரை எடுத்துக்கொண்டு அலைந்தான். செல்லமுத்து மாமா போலீசுக்குப் போகவில்லை. போனால் மேஜர் பெண் என்று நீங்கள் பாதுகாப்புக் கொடுத்துவிடுவீர்கள். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. இந்த மாதிரிக் காரியத்தில் செத்த பாஷைக்கு என்ன தெரியும் என்று நினைத்திருப்பார்கள்.

ராதிகா எனக்கு ஃபோன் பண்ணினாள். யாருடையதோ ஃபோன், புது நம்பர். நலமாக இருப்பதாகச் சொன்னாள், அம்மாவைப் பற்றிக் கேட்டாள், கொஞ்சம் அழுதாள். பிறகு அவளே சொன்னாள்: "எங்க இருக்கேன்னு மட்டும் கேக்காதீங்க மாமா. தெரிஞ்சா ஒங்களப் போட்டு அடிப்பாங்க. தெரியலனா தெரியலனே சொல்லிடலாம் இல்ல."

நான் கேட்கவில்லை. கடைசி வரைக்கும் ஒரு தடவைகூட எங்கே இருக்கிறாய் என்று கேட்கவில்லை. அவள் சொல்லவும் இல்லை.

ஆனால் காது என்று ஒன்று இருக்கிறதே. அடுத்த தடவை பேசியபோது, பேச்சுவாக்கில், "காலைல வொறகு பொறுக்கிகினு வந்தேன் மாமா, முதுகே ஒடஞ்சு போச்சு" என்று சிரித்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். வொறகு. நம் பக்கத்தில் விறகை எல்லாரும் வெறகு என்போம். அவளும் பிறந்ததிலிருந்து வெறகு என்றுதான் சொன்னாள். வொறகு என்று அவள் சொல்லி நான் கேட்டதே இல்லை.

இதைக் கொஞ்சம் விளக்குகிறேன், நீளாது. வீடு என்பதை நாம் வூடு என்கிறோம். பெட்டி பொட்டி ஆகிறது, பெண் பொண்ணு ஆகிறது. ஏன் என்றால் வ, ப, ம எல்லாம் உதட்டில் பிறக்கிறவை. ட, ண, ள எல்லாம் நாக்கை மடித்துச் சொல்கிறவை. இந்த இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட இகரமும் எகரமும் உதட்டைக் குவித்துக்கொண்டு உகரமாகவும் ஒகரமாகவும் ஆகிவிடும். அது விதி. ஆனால் விறகில் ட, ண கிடையாது. றகரத்துக்கு நாக்கு அந்த அளவுக்கு மடங்காது. அதனால் நம் ஊரில் வெறகு அப்படியே நிற்கிறது. விதி அது வரைக்கும் வரவில்லை. ஓசை மாற்றம் எல்லா ஊருக்கும் ஒரே மாதிரி போய்ச் சேராது மேடம். ஜெர்மனியிலும் அப்படித்தான், செய்வது என்பதை ஒரு ஊரில் 'மாக்கன்' என்பான், கொஞ்ச தூரம் போனால் 'மாஹன்' என்பான். அந்தக் கோடு எங்கே ஓடுகிறது என்று படம் போட்டு வைத்திருக்கிறார்கள்.

ஊர் திரும்பிய புதிதில் நானும் அப்படி ஒரு கோடு தேடி மலையெல்லாம் நடந்தேன். கரியாலூர், சேராப்பட்டு, வெள்ளிமலை என்று ஒவ்வொரு ஊராக உட்கார்ந்து பேச்சைக் கேட்டேன். எல்லா ஊரிலும் வெறகுதான். ஓடையைத் தாண்டித் தும்பப்பாறைக்குள் காலை வைத்தால் வொறகு. வெரல் அங்கே வொரல். விதி அந்த ஒரு ஊரில் மட்டும் ஒரு அடி கூடுதலாக எடுத்துவைத்திருக்கிறது. அன்றைக்கு ஓடைக்கரையில் நின்று பைத்தியக்காரன் மாதிரி சிரித்தேன். கட்டுரை எழுதி ஒரு ஆராய்ச்சி இதழுக்கு அனுப்பினேன். ஒரு குக்கிராமத்தின் இரண்டு சொற்களை வைத்துக்கொண்டு எல்லைக்கோடு போட முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதோடு நான் எழுதுவதை விட்டேன்.

அதனால்தான், ராதிகா வொறகு என்று சொன்னவுடன் எனக்கு உடம்பு சிலிர்த்துப்போனது. ஆனால் ஒரு சொல் போதாது. இரண்டாவது வேண்டும். எங்கள் வேலையில் ஒரு முறை உண்டு: வேண்டிய சொல்லை நேரே கேட்கக் கூடாது. கேட்டால் எதிராளி உஷாராகித் திருத்தமாகச் சொல்லிவிடுவார். பேச்சை அந்தப் பக்கம் திருப்பிவிட்டு, அதுவாக வாயில் வரும்வரை காத்திருக்க வேண்டும். "பழக்கம் இல்லாம பொறுக்கறியே, கையில முள்ளு கிள்ளு ஏறிடப் போவுது கண்ணு" என்றேன். அக்கறையாகத்தான் கேட்டேன். நிஜமான அக்கறைதான் அது. "ஏற்கெனவே வொரல்ல குத்திச்சு மாமா, இங்க ஒரு அக்கா மஞ்சள் வெச்சுக் கட்டிவிட்டாங்க" என்றாள்.

வொரல். அந்த ஒரு ஊரைத் தவிர வேறெங்கும் கிடையாது. வெற்றிவேல் ஜீப்பில் வழக்கமாக ஏறுகிற இருசப்பன் என்கிற சாமை விவசாயி வீட்டில் அவர்கள் தங்கியிருந்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். எனக்கு அது அப்போது தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம், போன கொஞ்ச நாளிலேயே அந்த ஊர்ப் பேச்சு அவள் நாக்கில் ஒட்டிவிட்டது என்பதுதான். அப்படியென்றால் அவள் அங்கே சந்தோஷமாக இருந்தாள். அவளுக்கு அந்த ஊர் பிடித்துப்போயிருந்தது. அவள் அங்கே மனசு ஒட்டாமல் அழுதுகொண்டு கிடந்திருந்தால் வெறகு வெறகாகவே இருந்திருக்கும். அவளை என்னால் கண்டுபிடித்திருக்க முடியாது. தண்ணீர் வேண்டாம், பரவாயில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். வழக்கம் போல அக்கா வீட்டுக்குப் போனேன். அந்த வீட்டில் கறி எடுத்து நாளாகியிருந்தது. ரசமும் அப்பளமும்தான். இளஞ்செழியன் திருப்பூரிலிருந்து மறுபடி வெறுங்கையோடு திரும்பியிருந்தான், கண்ணெல்லாம் சிவந்து. செல்லமுத்து மாமா தட்டில் கை வைத்தபடி சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். நான் ரசத்துக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தேன். இளஞ்செழியன் என்னைப் பார்த்தான். அந்தத் துக்கத்திலும் அவனுக்கு என்னைச் சீண்டத் தோன்றியது.

"செத்துப்போனவன் எப்படிப் பேசினான்னு எல்லாம் கண்டுபுடிக்கறீங்களே மாமா, உசுரோட இருக்கற என் தங்கச்சி எங்க இருக்கானு கண்டுபுடிங்களேன் பாக்கலாம்" என்றான்.

செல்லமுத்து மாமா மூக்கால் சிரித்தார். அவ்வளவுதான். என்னை யாரும் மிரட்டவில்லை, அடிக்கவில்லை. நான் சோற்றை உருட்டி வாயில் போட்டுக்கொண்டு, மென்று விழுங்கிவிட்டு, "தும்பப்பாறை" என்றேன்.

முதலில் அவர்களுக்குப் புரியவில்லை. வெள்ளிமலைக்கு மேலே, ஓடைக்கு அந்தப் பக்கம் என்று சொன்னேன். மாமா தட்டை நகர்த்திவிட்டு, "எப்படிடா மச்சான் சொல்ற?" என்று கேட்டார். என் வாழ்க்கையில் அவர் என்னை ஒரு விஷயம் கேட்டு, பதிலுக்காகக் காத்திருந்தது அதுதான் முதல் தடவை. நான் சொன்னேன். வூடு எப்படி வூடு ஆனது என்பதிலிருந்து ஆரம்பித்தேன். எல்பே ஆற்றையும் சொன்னேன். மாக்கனையும் மாஹனையும் சொன்னேன். என் ஓடையைச் சொன்னேன். இளஞ்செழியன் வாயை மூடிக்கொண்டு கேட்டான். நடுவில் யாரும் கொட்டாவி விடவில்லை, யாரும் எழுந்து போகவில்லை. கல்லூரியில் இத்தனை வருஷம் பாடம் எடுத்திருக்கிறேன், அன்றைக்கு அவர்கள் கேட்ட மாதிரி யாரும் என்னைக் கேட்டதில்லை. எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. மறைத்து என்ன ஆகப்போகிறது, குளிர்ந்துதான் போனது.

"ரெண்டு வார்த்தைய வெச்சுகினு போறோம். தப்பாப் போய்டாதே?" என்று மாமா கேட்டார். போகாது என்று சொன்னேன்.

அக்கா உள்ளேயிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள். அவளுக்கு இந்த வ, ப, ம எதுவும் காதில் ஏறவில்லை. அவளுக்கு விளங்கியது ஒன்றே ஒன்று. "அவ ஒங்கிட்ட பேசறாளாடா?" என்றாள். ஆமாம் என்றேன். "நல்லாருக்காளாடா தம்பி?" நல்லா இருக்கா என்றேன். அத்தனை நாளுக்கப்புறம் அன்றைக்குத்தான் அவள் முகத்தில் ரத்தம் வந்தது. எனக்கு மறுபடி சோறு போட்டாள்.

மறுநாள் விடிவதற்குள் கிளம்பிப் போய் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வருவதாகப் பேசினார்கள். கூட்டிவந்து பெரியவர்களை வைத்துப் பேசி முடித்துவிடலாம் என்று மாமா சொன்னார். நான் நம்பினேன். வண்டியில் கரும்பு வெட்டுகிற கத்தி கிடந்தது. அது அவர்கள் வண்டியில் எப்போதும் கிடக்கிற சாமான்தான். அன்றைக்கு இரண்டு கிடந்தது.

காலையில் நான் வகுப்பில் இருந்தபோது செய்தி வந்தது. வெற்றிவேலை இருசப்பன் வீட்டு வாசலிலேயே. தடுக்கப் போன இருசப்பனுக்குக் கையில் வெட்டு. ராதிகாவை மலை இறங்குகிற வழியில். அவளை உயிரோடு வண்டியில் ஏற்றித்தான் இறங்கியிருக்கிறார்கள். அவள் பேசிக்கொண்டே வந்தாள், பேச்சை நிறுத்தவில்லை, அதனால்தான் என்று இளஞ்செழியன் உங்களிடம் சொன்னதாகப் பேப்பரில் படித்தேன். என்ன பேசினாள் என்று அவன் சொல்லவில்லையா? சொல்லியிருந்தால் எனக்குச் சொல்லுங்கள். இல்லை, வேண்டாம். சொல்லாதீர்கள்.

பாடத்தை முடித்துவிட்டுத்தான் வகுப்பிலிருந்து வந்தேன். அக்கா வீட்டுக்குப் போனபோது அவள் வாசலில் தரையில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அழவில்லை, திட்டவில்லை. "அவ ஒனக்கு மட்டுந்தானடா போன் பண்ணா" என்றாள். அதற்கப்புறம் இன்று வரை என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை.

ராதிகாவின் குரல் என் காதிலேயே இருக்கிறது. வகுப்பில் இருக்கிறது, பஸ்ஸில் இருக்கிறது. அழுகை வரும். அழுதுகொண்டிருக்கும்போதே காது அதன் வேலையைப் பார்க்கும்: அந்த ஒகரத்துக்கு அவள் எவ்வளவு அழகாக உதட்டைக் குவித்தாள் என்று. என்னை எனக்கே பிடிக்காமல் போகிற நேரம் அது.

இத்தனை நாள் கழித்து ஏன் வந்தாய் என்று கேட்டீர்கள். நேற்று வெற்றிவேலின் அம்மா ஆயம்மாள் கல்லூரி கேட்டுக்கு வந்திருந்தாள். களைக் கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். வேலைக்குப் போகிற வழியில் வந்திருக்கிறாள். என்னைக் கண்டதும் கொத்தைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டாள். "ஒங்க அக்கா பொண்ணு எப்பவும் சொல்லிகினே இருக்கும் சார், எங்க மாமா ஒருத்தருதான் எங்களுக்கு இருக்காருனு. எம்புள்ளையும் சொல்லுவான். அதான் ஒங்கள ஒரு தடவ பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றாள். அவள் பேச்சிலிருந்து என் காது எதையும் பொறுக்கவில்லை. அந்தக் கும்பிடை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? கொண்டுவந்து உங்கள் மேசையில் போட்டுவிட்டுப் போகலாம் என்று வந்தேன்.

நான் செய்தது இவ்வளவுதான். ஒரு ஊரின் பெயரைச் சொன்னேன். கத்தியைத் தொடவில்லை, வண்டியில் ஏறவில்லை. சரியானதைச் சரி என்று சொன்னதற்குச் சட்டத்தில் என்ன தண்டனை என்று எனக்குத் தெரியாது. எதுவாக இருந்தாலும் சரி.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அந்த நம்பரிலிருந்து எனக்கு வந்த ஃபோனைப் பற்றிக் கேட்கிறீர்கள். நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும். கேட்காமலே விட்டுவிடுவீர்களோ என்றும் இருந்தது.

ராதிகாதான். மத்தியானம் மாமா வெள்ளிமலையில் தனக்குத் தெரிந்த ஒரு மேஸ்திரிக்கு ஃபோன் போட்டு, தும்பப்பாறைக்கு வண்டி போகுமா என்று விசாரித்திருக்கிறார். கேட்டது யார் என்று தெரியாமல், யாரோ வழி விசாரித்தார்கள் என்பது மட்டும் ஜீப்காரர்கள் வாய் வழியாக வெற்றிவேல் காதுக்குப் போய்விட்டது. அவன் பயந்துவிட்டான். அப்போதே ஜீப்பை எடுத்துக்கொண்டு சேலம் பக்கம் இறங்கிவிடலாம் என்றிருக்கிறான்.

"பொழுது சாயறதுக்குள்ள கெளம்பிடலாம்னு இவரு சொல்றாரு. துணியெல்லாம் எடுத்து வெச்சாச்சு. நான்தான் மாமாவ ஒரு வார்த்த கேட்டுட்டுப் போலாம்னேன்" என்றாள். "இன்னா மாமா செய்யட்டும்?"

நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். கடுக்காய் வியாபாரி எவனாவது வழி கேட்டிருப்பான் என்று சொன்னேன். இங்கே எல்லாரும் திருப்பூரிலேதான் தேடிக்கொண்டிருக்கிறார்கள், ரோட்டில் இறங்கினால்தான் ஆபத்து, அங்கேயே இரு கண்ணு என்று சொன்னேன். பக்கத்தில் நின்ற அவனிடம், "பாத்தியா, மாமா இருக்கச் சொல்றாரு" என்று அவள் சொன்னது எனக்குக் கேட்டது. பிறகு, "சரி மாமா" என்று வைத்துவிட்டாள்.

கேட்டபடியே எழுதிக்கொள்ளுங்கள் மேடம். அவர்கள் அன்றைக்கு இடம் மாறியிருந்தால், விடிந்ததும் மாமாவும் இளஞ்செழியனும் போய்ப் பார்க்கும்போது அந்த வீடு காலியாக இருந்திருக்கும். நான் சொன்னது தப்பு என்று ஆகியிருக்கும்.